தொண்ணூறு ஆகட்டும், சார்

ஆரணியில் ஸ்வர்ணலதா டாக்டர் நடத்தும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவின் டெக்னீஷியன் ஜ்வாலாமாலினி. எல்லோருக்கும் மாலினி. வயது முப்பத்தைந்து. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். வலிக்காமல் ஊசி ஏற்ற அவளை விட்டால் ஆளில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். இப்படிப்பட்ட சாது ஒருத்தி, ஒரே ஒரு மனிதன் நாசமாய்ப் போக வேண்டும் என்று பதினாலு வருஷமாகத் தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வேண்டிக்கொண்டிருந்தாள். சும்மா வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. அதற்காகவே படித்தாள், அதற்காகவே வேலை தேடினாள், கடைசியில் அந்த மனிதனுக்கு மூன்றடி தள்ளி வந்து நின்றாள்.

அந்த மனிதர் சம்பந்தம், மயக்க டாக்டர். அவருக்கென்று சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. ஆபரேஷன் எங்கே உண்டோ அங்கே போவார். காலையில் ஆரணி, பகலில் வந்தவாசி, சாயங்காலம் கலசப்பாக்கம். காரில் ஒரு பெட்டி, சட்டைப்பையில் இரண்டு போன். இந்தப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் எல்லாம் இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களை நம்பித்தான் கத்தியைக் கையில் எடுக்கின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. குறை சம்பந்தத்திடம் இருந்தது. ஒரு ஊரில் நோயாளி கண் திறப்பதற்குள் அவர் மனசு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மாலினிக்கு இருபத்தோரு வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அது வேறொரு ஆஸ்பத்திரி. அந்தக் கட்டடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அபிநந்தன் என்ற பையனுக்கு அவளை நிச்சயம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆபரேஷனை டாக்டர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். அது முடிந்த பிறகு அவளுக்கு நினைவு வந்தது, உடம்பு வரவில்லை.

காது கேட்டது. கண் இமையைத் தூக்க முடியவில்லை. விரலை அசைக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சு பாதியில் நின்றது, நாக்கு உள்ளே சரிந்தது. பக்கத்தில் ஒரு ஆண் குரல் போனில் பேசிக்கொண்டிருந்தது. டியூப்பை எடுத்தாச்சு, இதோ வந்துகினே இருக்கேன், பேஷன்ட்டை டேபிள்ல போடுங்க என்றது. அந்தக் குரல் கதவுப் பக்கம் நகர்ந்து போனதையும் அவள் கேட்டாள். நான் இங்கே உயிரோடு இருக்கிறேன் என்று கத்த நினைத்தாள், உதடு பிரியவில்லை. செத்துவிட்டோம், இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்றே நினைத்தாள். கை கால் தானாக உதற ஆரம்பித்த பிறகுதான் ஒரு நர்ஸ் அவள் முகம் நீலம் பூத்ததைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். சம்பந்தம் ஓடி வந்து மாஸ்க்கை வைத்து அழுத்தினார்.

பிழைத்துக்கொண்டாள். வெளியே வந்த சம்பந்தம் அவளுடைய அப்பா ஆதிநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, ஊர் கேட்கிற குரலில் ஒரு பொய்யைச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு வலிப்பு இருக்குது. மொதல்லயே சொல்லி இருக்கணும். மறைச்சிட்டீங்க."

ஆதிநாதன் பட்டு நூல் வியாபாரி. கால் கிராம் குறைந்தால்கூட ஆளனுப்பிக் கொடுத்துவிடுகிற மனிதர். அவரைப் பார்த்து மறைத்துவிட்டாய் என்றால் எப்படி இருக்கும்? குரல் திரும்பியதும் மாலினி நடந்ததை நடந்தபடி சொன்னாள், போனில் பேசியதைக்கூட ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். சம்பந்தம் சிரித்தார். மயக்கத்தில் இப்படியெல்லாம் கனவு வருவது சகஜம், பொண்ணு பயந்துவிட்டாள் என்றார். ஆதிநாதன் மகளையும் பார்த்தார், டாக்டரையும் பார்த்தார். டாக்டரைத்தான் நம்பினார். மாலினியின் மனசில் ஆறாமல் போனது இதுதான்.

சேதி வந்தவாசிக்குப் போக ஒரு பஸ் போதும். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கெல்லாம் வரவில்லை. ஜாதகத்தை மறுபடி பார்த்தோம், சரியாக வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். வேலூருக்குப் போய் தலைக்கு மின் அலை பரிசோதனை எடுத்ததில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வருஷம் வலிப்பு மாத்திரையை வேறு விழுங்க வைத்தார்கள். அந்த வருஷம் முழுக்க அவள் தூங்கி வழிந்தாள். பார்த்தவர்கள் பாவம், நோய்க்காரி என்றார்கள். அபிநந்தனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவன் மேல் அவளுக்கு வருத்தமே கிடையாது, முகம்கூட மறந்துவிட்டது. சம்பந்தத்தின் குரல் மட்டும் மறக்கவில்லை.

பிடிவாதமாக மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அங்கே ஒரு டாக்டரம்மா புதியவர்களை நிற்க வைத்து ஒரு கருவியைக் காட்டினார். பெரிய ஆபரேஷனில் ஆளைத் தூங்கவும் வைக்கிறோம், தனி மருந்து கொடுத்துத் தசைகளைத் தளர்த்தவும் செய்கிறோம். அந்த மருந்து இறங்கினால் மூச்சு விடும் தசைகூட வேலை செய்யாது, அதனால்தான் தொண்டையில் டியூப் போட்டு மெஷின் மூச்சுவிட வைக்கிறது. முடிந்ததும் இரண்டும் விட வேண்டும். தூக்கம் கலைந்து தளர்வு விடாமல் இருந்தால் ஆள் விழித்துக்கொண்டு கிடப்பார், உடம்பு கேட்காது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் மணிக்கட்டில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, கட்டைவிரலில் சின்ன சென்சாரை மாட்டினார். கருவி நரம்பை நாலு முறை சுண்டியது. கட்டைவிரல் முதல் முறை நன்றாகத் துடித்து, போகப் போகச் சோர்ந்தது. நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது தேறினால்தான் டியூப்பைத் தொடலாம், அதற்கு முன்னால் எடுப்பது பாவம் என்றார் டாக்டரம்மா.

மாலினி கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். ஏழு வருஷம் கழித்து முதல் முறையாக, தனக்கு நடந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. அழுது முடித்து முகம் கழுவியபோது இன்னொன்றும் முடிவாகியிருந்தது. சம்பந்தம் தன் வாயால், நாலு பேர் முன்னால், அது வலிப்பு இல்லை, என் அவசரம் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவள் ஓயப்போவதில்லை.

சில வருஷம் கழித்து ஆதிநாதன் காலமானதும் அம்மாவுக்குத் துணை என்று சொல்லி ஆரணிக்குத் திரும்பி வந்தாள். சம்பந்தம் வாரம் நாலு நாள் போகிற ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, அங்கேயே சேர்ந்தாள். முதல் நாள் அவர் அவளை நேருக்கு நேர் பார்த்து, புதுசாம்மா, எந்த ஊரு என்று விசாரித்தார். இந்த ஊர்தான் என்றாள். நல்லது என்று கையுறையை மாட்டிக்கொண்டார். படுத்துக் கிடக்கிற முகங்களையே பார்த்துப் பழகிய மனிதருக்கு நிற்கிற முகத்தில் என்ன அடையாளம் தெரியப்போகிறது?

ஸ்வர்ணலதா டாக்டர் நியாயமான மனுஷி. மாலினி இரண்டு வருஷம் நச்சரித்து, அந்தக் கருவியை வாங்க வைத்தாள். கூடவே ஒரு விதியையும் எழுதிச் சுவரில் ஒட்ட வைத்தாள். மாலினி எண்ணைச் சொல்ல வேண்டும், தொண்ணூறு ஆன பிறகே சம்பந்தம் டியூப்பை எடுக்க வேண்டும். திரை மாலினி நிற்கிற பக்கம் இருந்தது. எண்ணைச் சத்தமாகச் சொல்வது அவளுக்கு இயல்பாகவே வந்தது. ஆரணியில் நெசவாளிக்குப் பட்டு நூலை எடை போட்டுக் கொடுக்கும்போது, தராசைப் பார்ப்பவர் எடையை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் காதில் விழாத எடை எடையே இல்லை. சின்ன வயதில் அப்பாவின் கடையில் மாலினிதான் தராசருகே நின்று சொல்வாள். எங்கே எண்ணைப் பார்த்தாலும் அவள் வாய் தானாக இரண்டு தரம் சொல்லிவிடும்.

அப்புறம் ஆரம்பித்தது அவளுடைய சந்தோஷம். ஆபரேஷன் முடியும். சம்பந்தத்தின் போன் அடிக்கும். மறுமுனையில் வந்தவாசி கத்தும். அவர் டியூப்பின் மேல் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பார்.

"எழுபத்தாறு, எழுபத்தாறு. தொண்ணூறு ஆகட்டும், சார்."

"ஜல்திம்மா. அங்க எல்லாம் வெயிட் பண்ணிகினு இருக்காங்க."

"எழுபத்தொம்பது, எழுபத்தொம்பது."

அவர் நடப்பார், உட்காருவார், மறுபடி நடப்பார். பேஜாராப் போச்சு இந்த மெஷினால என்று முனகுவார். மாலினி திரையைப் பார்த்தபடி உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நிற்பாள். ஒவ்வொரு நிமிஷமும் அவரிடமிருந்து அவள் பிடுங்கியது. எண்ணில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை, நிஜமே அவரைக் காக்க வைக்கப் போதுமானதாக இருந்தது.

ஆனால் இந்தப் பழிவாங்கல் அவளுக்குத் தெரியாமலே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. சம்பந்தத்தின் நோயாளிகள் முன்னைவிட நன்றாக எழுந்தார்கள். திணறல் இல்லை, நீலம் இல்லை, பயந்த முகம் இல்லை. சம்பந்தம் டாக்டர் மயக்கம் கொடுத்தால் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது என்று கடைத்தெருவில் பேச்சு ஆனது. தேவிகாபுரத்திலிருந்தெல்லாம் அவர்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து, அவருடைய முப்பது வருஷ சேவைக்குப் பாராட்டு விழா என்று மண்டபம் பிடித்தார்கள். மாலினி தன் கையால் அந்த ஆளின் பெயருக்கு ஜரிகை போட்டுக் கொடுத்திருந்தாள்.

அழைப்பிதழை அவரே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்.

"அவசியம் வரணும்மா. முப்பது வருஷம். என் கையில ஒருத்தர்கூட மூச்சுக்குத் தவிச்சதில்ல."

மாலினி அழைப்பிதழை வாங்கி, வருகிறேன் சார் என்றாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள், பொழுது சாய்ந்துவிட்டது, அன்றைக்குப் பட்டினி. யோசிக்க யோசிக்க வழி சுலபமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் எண்ணைச் சொல்லாமல் இருந்தால் போதும். அவள் மருந்து எடுக்க அடுத்த அறைக்குப் போன ஒன்றிரண்டு தடவை அவர் கேட்காமலே டியூப்பை உருவியதை அவள் பார்த்திருக்கிறாள். நல்லவேளை, அப்போதெல்லாம் எண் தேறியிருந்தது. தேறாத ஒரு நாள் வரட்டும். நேரமும் எண்ணும் கருவியின் நினைவில் பதியும். மாஸ்க் கையில் தயாராக இருக்கும், இரண்டு நிமிஷத்தில் காப்பாற்றிவிடலாம், யாரும் சாகப்போவதில்லை. நான் எதுவும் செய்யவில்லை, செய்கிறவர் அவர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழி வெறியில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி கணக்கெல்லாம் பிசகில்லாமல் வரும்.

விழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் தீபா வந்தாள். இருபத்து மூன்று வயது, பித்தப்பையில் கல். அப்பா தருமனும் அவளுமாக இரண்டு தறியில் பட்டு நெய்கிறவர்கள். காலையில் ஊசி ஏற்றும்போது, நடுவில் முழித்துக்கொண்டால் என்ன பண்ணுவது என்று தீபா கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் பக்கத்திலேயே இருப்பேன், கவலைப்படாதே என்றாள் மாலினி. அப்போது அவள் எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

ஆபரேஷன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. தளர்வு மருந்தின் கடைசி அளவு போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. சம்பந்தம் தூக்க வாயுவை நிறுத்தினார், தளர்வை முறிக்கும் ஊசியைப் போட்டார். அந்த ஊசி வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிஷமாவது வேண்டும். போன் அடித்தது, வந்தவாசி. பேசிக்கொண்டே, ஆச்சாம்மா என்று கேட்டார்.

கருவி நாலு முறை சுண்டியது. திரையில் நாற்பத்திரண்டு. மாலினி ஒயரைச் சரிசெய்கிறவள் மாதிரி தீபாவின் தலைமாட்டில் குனிந்தாள். வாய் பழக்கத்தில் இரண்டு தரம் சொன்னது: நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு. மூச்சுக்காற்று அளவுக்குத்தான் சத்தம். சம்பந்தத்துக்குக் கேட்கவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பல தடவை அவள் தனக்குள் வாதாடியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. டியூப்பை உருவினார், மாஸ்க்கைச் சும்மா மூக்கின் மேல் சாய்த்து வைத்தார், போனோடு கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அப்போது மணி பதினொன்று பதினெட்டு.

தீபாவின் கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. வயிறு ஏறும்போது நெஞ்சு இறங்கியது. புருவம் லேசாகச் சுளித்தது, கண் திறக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த அறையில் மாலினிக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும் நின்றாள். கதவு சாத்திக்கொள்ளட்டும், அவர் நன்றாக வெளியே போகட்டும் என்று நின்றாள். ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறு, தொண்ணூறு, எண்பத்து நாலு என்று இறங்கியது. அப்போதுதான் மேடம் என்று ஸ்வர்ணலதா டாக்டரை உரக்கக் கூப்பிட்டு, மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். காதருகே குனிந்தாள்.

"தீபா, நீ முழிச்சுகினு இருக்க. எனக்குத் தெரியும். நான் மூச்சு குடுக்கறேன். பயப்படாத."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் தனக்கு யாரும் சொல்லாததைத் தான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கால் மணி நேரத்தில் எண் தொண்ணூறைத் தாண்டியது. வாசல்வரை போன சம்பந்தத்தைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். வெளிறிய முகத்தோடு வந்து நின்றார்.

மறுநாள் காலை ஸ்வர்ணலதா டாக்டரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். தருமன் மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பொண்ணு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தாளாமே, மூச்சு அடைச்சுதாமே, இன்னா மேடம் இது என்று கேட்டார். தொண்டை கட்டியிருந்த தீபா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சம்பந்தம் இரவெல்லாம் யோசித்து ஒரு பதிலோடு வந்திருப்பார் என்று மாலினி நினைத்தாள். ஆனால் அவர் யோசிக்கவே இல்லை. பழைய பொய்யையே தூசி தட்டி எடுத்தார்.

"வலிப்பு மாதிரி ஒண்ணு வந்துச்சுங்க. பொண்ணுக்கு மொதல்லயே இருந்திருக்கலாம். வீட்ல யாருக்காச்சும் இருக்குதா?"

மாலினி கருவியிலிருந்து எடுத்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். பதினொன்று பதினெட்டு, நாற்பத்திரண்டு. டியூப் எடுத்த நேரத்தைத் திரும்பி வந்த பிறகு சம்பந்தமே தன் கையால் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார், அதே பதினொன்று பதினெட்டு. ஸ்வர்ணலதா டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொல்லுங்க டாக்டர் என்றார். சம்பந்தம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவசரப்பட்டுவிட்டேன், தப்புதான், வலிப்பெல்லாம் ஒன்றும் இல்லை என்றார்.

அதோடு மாலினி விடவில்லை. இன்ன வருஷம், இன்ன ஆஸ்பத்திரி, ஆதிநாதன் மகள், குடல்வால் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார். ஞாபகம் வரவில்லை. நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. எத்தனையோ பேரும்மா என்றார். ஒரு பெண்ணின் வருஷங்களைத் தின்றுவிட்டு, தின்ற நினைவுகூட இல்லாமல் ஏப்பம் விட்டிருக்கிறார். மாலினிக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஞாபகம் வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள் சார், இவர்கள் முன்னால் சொல்லுங்கள் என்றாள்.

"உனக்கு வலிப்பு இல்லம்மா. என் அவசரம்தான்."

கிடைத்துவிட்டது. காது குளிரக் கேட்டாள். ஆரணிக் கடைத்தெருவுக்கு நடுவில் நின்று சொல்ல வைத்திருக்கலாமே என்றுகூட ஆசைப்பட்டாள். அந்த இனிப்பு அவள் வாயில் ஒரு நிமிஷம் இருந்திருக்குமோ என்னவோ, தீபா தலையைத் தூக்கினாள்.

"நம்பரு சொன்னது நீங்கதானக்கா? கையில நாலு வாட்டி சுண்டுச்சு. அப்புறம் என் காதுகிட்ட நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டுன்னு சொன்னீங்க. அதுக்கு அப்புறம்தான் டியூப எடுத்தாங்க."

முதலில் உயிர் வந்தது சம்பந்தத்துக்குத்தான். பார்த்தீங்களா மேடம், இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, வேணும்னே சொல்லாம விட்டிருக்கா என்று நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஸ்வர்ணலதா டாக்டர் மாலினியைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

மயக்கத்தில் ஏதாவது கேட்ட மாதிரி இருக்கும் மேடம் என்று மாலினி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிவிடுவார்கள். அவள் பெயர் அப்படி. நேற்று உயிரைக் காப்பாற்றியவளும் அவள்தான். சம்பந்தம் மாட்டிக்கொண்ட ஆள், அவர் பேச்சு எடுபடாது. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்ததே என்று இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது. தருமன் மகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொண்ணு என்னவோ உளறுகிறாள், பெரியவர்கள் முன்னால் தப்பாகப் பேசிவிட்டாளோ என்ற பார்வை. தீபா அந்தப் பார்வையைக் கண்டு, தான் கேட்டது சரிதானா என்று தானே தடுமாற ஆரம்பித்திருந்தாள்.

"அவ சரியாத்தான் கேட்டிருக்கா மேடம்," என்றாள் மாலினி. "கனவு இல்ல. நான்தான் சொன்னேன். சாருக்குக் கேக்கற மாதிரி சொல்லல. வேணும்னேதான்."

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்வர்ணலதா டாக்டர் இரண்டு பேரையுமே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தருமனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, புகார் எழுத வேண்டுமானால் காகிதங்களை எல்லாம் நானே தருகிறேன் என்றார். பாராட்டு விழாவைத் தேதி குறிப்பிடாமல் தள்ளி வைத்தார்கள். சம்பந்தம் போகும்போது மாலினியைப் பார்த்த பார்வையில் விஷம் இருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அவர் மேல் இருந்த கோபம் ஒரு இம்மி குறைந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், குறையவில்லை. நாளைக்கே அவர் கண் முன்னால் தடுக்கி விழுந்தாலும் அவள் கை கொடுக்க மாட்டாள்.

சாவிகளை ஒப்படைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். தருமன் கஞ்சி வாங்கப் போயிருந்தார். தீபா தலையணையில் சாய்ந்திருந்தாள். மாலினி கட்டிலருகே நின்று, மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தாள். தீபா முந்திக்கொண்டாள். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

"அந்த ஆளு பண்ணதுக்கு எத்தினி வருஷம் காத்துகினு இருந்தீங்கக்கா?"

"பதினாலு வருஷம்."

தீபா அதை மனசில் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இப்பதான் இருபத்து மூணு ஆவுது," என்றாள்.

சொல்லிவிட்டு, மாலினியின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை நிதானமாகப் பார்த்தாள். தருமன் கஞ்சியோடு உள்ளே வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.